ஹாப்ஸ் போடாமலே கசந்த பியர்

மார்ச் 7, புதன்

காலையிலிருந்து என் வீட்டுக்காரர், ஹேவொன் அப்பா, பால்கனியில்தான். மண்ஜாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்ததாம். "பாத்தியா, ஜாடி மூச்சு விடுது. நல்ல ஜாடிக்கு இதுதான் அடையாளம்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கப்பல் கட்டும் கம்பெனியில் ஒரு பிரிவையே கட்டி மேய்த்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு மேய்க்க இந்த ஜாடிதான் மிச்சம். நானும் "ஆமாங்க, மூச்சுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக வீட்டிலேயே பியர் போடுகிறார். முதலில் கடையில் விற்கும் டப்பாக் கலவையை வாங்கி பிளாஸ்டிக் வாளியில் போட்டார். அது நன்றாகவே இருந்தது. போன இலையுதிர் காலத்திலிருந்து எல்லாம் சொந்தக் கைவேலை. முளைகட்டிய பார்லியை அவரே அரைக்கிறார், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவை அவரே அளந்து போட்டுக் கொதிக்க வைக்கிறார், தீவில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து வந்த இந்த ஜாடியில் ஊற்றிப் புளிக்க விடுகிறார். மண்ஜாடியில் பியர் போடுகிறவன் எங்கள் ஊர் மொக்போவிலேயே தான் ஒருவன்தான் என்று பெருமை வேறு. ஜாடிக்கு மாறியதிலிருந்து நான் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. பியர் எனக்கு ஏப்பம். அரிசிக் கள் என்றால் ஒரு கிண்ணம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பழைய ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள். கணவாய் வாங்க வேண்டும்.

மகள் ஹேவொன் போன் செய்தாள். சுங்ஜே இந்த வாரமும் வரவில்லையாம். "வேலையாம்மா." அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன் புத்தாண்டுக்கு வந்து போனதோடு சரி, இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மே மாசம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து தேதி குறிப்பதாகப் பேச்சு. அவன் இருக்கும் குவாங்ஜுவிலிருந்து மொக்போ என்ன சந்திர மண்டலமா?

மார்ச் 10, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாம்கூங்கும் இன்னும் இரண்டு பேரும் மத்தியானம் வந்தார்கள். மூவரும் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். இவர் ஊற்ற ஊற்ற இரண்டு கையாலும் கிளாஸை நீட்டி வாங்கி, மரியாதையாக முகத்தைத் திருப்பி, ஒரே மூச்சில் காலி செய்தார்கள். "மேனேஜர், இதுல ஒரு ஆழம் இருக்கு" என்றான் நாம்கூங். இவருக்கு முகமெல்லாம் பல். சமையலறையில் நின்ற எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். போகும்போது ஆளுக்கு இரண்டு பாட்டில் பையில் போட்டுக் கொடுத்தார்.

நாம்கூங் கழுத்துத் துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். கொடுக்கலாமென்று பின்னாலேயே கீழே இறங்கினேன். கார் நிறுத்துமிடத்துச் சாக்கடைப் பக்கம் மூன்று பேரும் குனிந்து நின்றார்கள். யாருக்கோ வாந்தி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பாட்டிலைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் ஊத்துய்யா, மாடியிலேர்ந்து பாத்துரப்போறாரு."

"போன தடவை மீட்டிங் நடுவுல எழுந்து ஓடினேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

"கசாயம்கூட இதுக்குத் தேவலை" — இது நாம்கூங். ஆழம் கண்ட அதே வாய். "ஆனா அவருகிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

"எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, ஆளை விடு."

சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் துண்டும் கையுமாக நின்றேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் கல்யாண நாளுக்கு வருஷம் தவறாமல் பழக்கூடை அனுப்புகிறவர்கள். அதுதான் இன்னும் தூக்கிவாரிப் போட்டது.

துண்டோடு திரும்பி வந்தேன். "கிடைச்சாங்களா?" என்றார். "போயிட்டாங்க" என்றேன். "நாம்கூங் மூணு கிளாஸ் குடிச்சான், பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

மார்ச் 11, ஞாயிறு

அவர் பொதுக்குளியலுக்குப் போன நேரம் பார்த்து ஒரு பாட்டிலைத் திறந்தேன்.

முதல் வாய் அப்படியே தொட்டியில். நியாயமாக இருக்க வேண்டுமென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அரை கிளாஸ் குடித்தேன். மாத்திரையை நாக்கிலேயே கரைய விட்ட மாதிரி ஒரு கசப்பு. கிம்ச்சி ஊறுகாய் தின்றேன், போகவில்லை. பேரிக்காய் தின்றேன், பேரிக்காயும் கசந்தது. இதையா மனுஷன் தினமும் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறார்? பியரில் கசப்புதான் கம்பீரம் என்று எங்கேயோ படித்தாராம், அன்றிலிருந்து எவ்வளவு கசந்தாலும் கம்பீரம்.

ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு மலச்சிக்கல். குளிர்காலத்திலிருந்து அது போயே போய்விட்டது. "உயிருள்ள ஈஸ்ட், வயித்தைச் சுத்தம் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இன்று மத்தியானம் எனக்கும் சுத்தமாகிவிட்டது.

மார்ச் 13, செவ்வாய்

இன்றும் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, சனி

ஹேவொன் தனியாக பஸ்ஸில் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது. அப்பா மார்க்கெட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கொட்டினாள்.

"அவனுக்கு மனசு மாறிடுச்சும்மா. என்கூட நல்லாத்தான் இருக்கான். மொக்போன்னு சொன்னாலே மூஞ்சி மாறுது. பிடிக்கலையான்னு கேட்டா, இல்ல இல்ல, வேலைங்கறான். உங்களையே பிடிக்கலன்னா அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப்போறான்?"

"புத்தாண்டுக்கு வந்தப்ப நல்லாத்தானேடி இருந்தான்? அப்பாகூட உக்காந்து..."

சொல்லி முடிக்கவில்லை. அப்பாகூட உட்கார்ந்து குடித்தான். கிளாஸ் கீழே வைக்கும் முன்னே இவர் நிரப்பினார், பையன் ஒவ்வொரு தடவையும் வணங்கி வாங்கினான். ஹேவொன் வண்டி ஓட்ட வேண்டுமென்று தொடவில்லை.

"அன்னிக்குத் திரும்பிப் போறப்ப வழியில ஏதாச்சும் ஆச்சா?"

"வழியெல்லாம் வண்டிய நிறுத்தச் சொன்னான். வயிறு சரியில்லையாம். அது எதுக்கும்மா இப்ப?"

எதுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பியர்தான் காரணம் என்று சொல்லி, அவள் போய்க் கேட்டு, அவன் இல்லை என்றுவிட்டால்? நிஜமாகவே மனசு மாறியிருந்தால்? ஒரு பையன் பியருக்குப் பயந்து பெண்ணை விடுவானா? விடுவானோ என்றும் இருக்கிறது. அரை கிளாஸிலேயே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகக் கை காட்டவில்லை அவள்.

மார்ச் 19, திங்கள்

சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை.

காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வரும் நாளுக்குத் தனியாக ஒரு பியர் போடப் போகிறாராம். "புள்ளைங்க பேரு போட்டு லேபிள் ஒட்டப்போறேன்."

"வேண்டாங்க."

"ஏன்?"

"கசக்குது."

"பியர்னா கசக்கத்தான் செய்யும். குடிக்காதவளுக்கு என்ன தெரியும்?"

"குடிச்சேன். இது பியர் கசப்பு இல்லைங்க, வாயில வைக்க முடியல. உங்க ஆளுங்க மூணு பேரும் கீழ போய்ச் சாக்கடையில ஊத்தினாங்க. என் கண்ணால பாத்தேன்."

கரண்டியைக் கீழே வைத்தார். போனை எடுத்து நாம்கூங்கைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். அந்தப் பக்கம் இரும்பு தட்டும் சத்தம்.

"நாம்கூங், என் வீட்டுக்காரி என் பியர் கசக்குதுங்கறா. நீ சொல்லு அவளுக்கு."

இரும்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"மேனேஜர்... உடம்புக்கு நல்லதுதானே."

"கசக்குதா, இல்லியா?"

பாவம், அவனும் வியர்த்து நின்றிருப்பான். "கசக்குது, மேனேஜர். மன்னிச்சிருங்க" என்றான் கடைசியில்.

"சரி. வேலையப் பாரு."

காது இரண்டும் சிவந்து போயிருந்தது அவருக்கு. சூப் ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் இல்லை, மேஜையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்: "அப்ப, ஆபீஸ்ல நான் ஜோக் சொன்னா சிரிச்சாங்களே, அதெல்லாம்?"

ஆறிய சூப்பை எடுத்துப்போய்ச் சூடு பண்ணினேன்.

மார்ச் 20, செவ்வாய்

பேசவில்லை. சாப்பிட்டார்.

மார்ச் 21, புதன்

இன்று ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "சுங்ஜேயும் குடிச்சானே."

மார்ச் 24, சனி

எழுந்துவிட்டார் மனுஷன். காலையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, "கப்பல்ல தண்ணி புகுந்தா அழுதுகிட்டு நிப்பாங்களா? ஓட்டை எங்கன்னு தேடுவாங்க" என்றார். ருசி பார்க்கும் வேலை எனக்காம். "நீ பொய் சொல்லமாட்டே. பொய் சொல்ற பொறுமை உனக்குக் கிடையாது." பாராட்டா, திட்டா, தெரியவில்லை. முப்பது வருஷத்தில் கிடைத்த பாராட்டெல்லாம் இந்த மாதிரிதான்.

முதல் சந்தேகம் ஹாப்ஸ்மேல். வாளியில் போட்ட டப்பா பியர் கசக்கவில்லை. சொந்தமாக ஹாப்ஸ் போட ஆரம்பித்த பிறகுதான் கசப்பு. ஆகவே ஹாப்ஸ்தான் திருடன். பாதியாகக் குறைத்தார். அதிகம் கொதித்தால் கசப்பு அதிகம் இறங்குமாம், அதனால் அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில்தான் போட்டார். அடுத்த சந்தேகம் என்மேல். பார்லிச் சக்கையைத் துணியில் வடிகட்டும்போது, வீணாகக் கூடாதென்று மூலிகை மருந்து பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவது என் வேலை. சக்கையைப் பிழிந்தால் துவர்ப்பும் கசப்பும் வருமாம். "உன் கைவரிசையா இருக்கும்" என்றார். இருக்கட்டும், இன்று பிழியவில்லை. தானாகச் சொட்டும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீரையும் மாற்றியாயிற்று, கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்.

ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். சோப்பு போடவில்லை. மண்ஜாடி சோப்பை உறிஞ்சிவைத்துக்கொண்டு பிறகு ஊறுகாயில் கக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏப்ரல் 7, சனி

திறந்தோம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி.

"சொல்லு."

"அப்படியேதாங்க இருக்கு."

நம்ப முடியவில்லை. பாதி ஹாப்ஸ், வேறு தண்ணீர், பிழியாத சக்கை. கசப்பு மட்டும் இம்மி குறையவில்லை. அது எப்படி?

ஏப்ரல் 8, ஞாயிறு

இந்தத் தடவை ஹாப்ஸே கிடையாது என்றார். ஒரு இதழ்கூட.

"அதுக்குப் பேரு பியரா?"

"பியர் இல்ல. விசாரணை."

ஏப்ரல் 12, வியாழன்

ஹேவொன் போன். சம்பந்திகள் சந்திப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று சுங்ஜே கேட்டானாம். காரணம் சொல்லவில்லை. அவள் அழவில்லை.

அவரிடம் சொன்னேன். பால்கனிக்குப் போய் ஜாடி மூடியைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

ஏப்ரல் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி மொண்டு கொடுத்தார். ஹாப்ஸ் இல்லாத பியர், வெறும் பார்லித் தண்ணீர் புளித்தது. தித்திக்கும், புளிக்கும், சப்பென்று இருக்கும் என்று நினைத்து வாயில் ஊற்றினேன்.

கசந்தது. அதே கசப்பு.

என் முகத்தைப் பார்த்துவிட்டு கரண்டியைப் பிடுங்கி அவரும் குடித்தார். கண்ணை மூடவில்லை இந்தத் தடவை. "கசக்குது" என்றார். இத்தனை மாசத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது இன்றுதான். எங்கள் நாக்குதான் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் தேன் சாப்பிட்டோம். தேன் தேனாகத்தான் இருந்தது. பேயறைந்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கசப்புப் பூவே போடாத பியர் எதனால் கசக்கும்?

ஜாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியது. ஜாடியின் மூச்சு. ஏன் அப்படிச் செய்தேனோ, விரலை நாக்கில் வைத்தேன்.

வைத்த கணமே தெரிந்துவிட்டது. உப்பளத்துப் பெண் நான். எங்கள் தீவில் உப்பு மூட்டையைக் கல்மேல் ஏற்றி வைத்தால் அடியில் ஒரு தண்ணீர் சொட்டும். உப்பில் இருக்கிற கசப்பெல்லாம் அதில் வடிந்துவிடும், அப்புறம்தான் உப்பு ருசிக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, சோயாப் பாலை டோஃபுவாக உறைய வைப்பார்கள். மற்றபடி அது விஷம். சின்ன வயதில் தொட்டாலே அம்மா கையில் அடிப்பாள். இத்தனை நாள் அந்தக் கசப்பு என் நாக்குக்கு ஏன் பிடிபடவில்லை? பியருக்குள்ளே அதை யார் தேடுவார்கள்?

தங்கை ஒக்சுனைப் போனில் கூப்பிட்டேன்.

"போன வருஷம் உன் வீட்டுக்காரர் வண்டியில ஏத்திவிட்டாரே ஒரு ஜாடி, அது எதுக்கு வெச்சிருந்தது?"

"எந்த ஜாடிக்கா? அன்னைக்கு நான் உப்பளத்துலல்லா கெடந்தேன். கொல்லையில கெடந்த வாய் ஒடுங்குன ஜாடியா?"

"ஆமா."

"அது மூட்டைக்கு அடியில வச்சிருந்ததுல்லா, கசப்புத் தண்ணி புடிக்க. நீ குடை போட்டு வைக்கக் கேட்டேன்னு எங்க வீட்டு ஆளு சொன்னாவ."

குடைக்கென்று நான் கேட்டதுதான், வந்ததும் இவர் பியருக்கு எடுத்துக்கொண்டார்.

"ஏக்கா? குடைதான போட்டுருக்கிய?"

"பியர் போட்டிருக்கோம்."

"ஆத்தாடி. யாரெல்லாம் குடிச்சிய?" என்றாள்.

"எல்லாரும்."

வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிய மண். சோப்பை உறிஞ்சும் என்று கழுவப் பயந்தோமே, அதற்கு முன்னே அது எதை உறிஞ்சியது என்று ஒரு தடவையாவது கேட்டோமா?

ஏப்ரல் 20, வெள்ளி

விடிந்ததும் டாக்டரிடம் ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லையாம். ஜாடிக் கதையைக் கேட்டு முடித்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார் அந்த மனுஷி. "கொஞ்சமாத்தான் கலந்திருக்கு. மலச்சிக்கலுக்கு நாங்க குடுக்கற மருந்தும் இதே ஜாதிதான். ஜாடிய மட்டும் தூக்கிப் போட்டுருங்க."

இவர் சிரிக்கவில்லை. படி இறங்கும்போது, "மருமகனா வரப்போறவனுக்கு என் கையால பேதி மருந்து குடுத்திருக்கேன். கிளாஸ் கிளாஸா" என்றார்.

ஜாடியைக் கீழே இறக்கி குப்பை பிரிக்கும் இடத்தில் வைத்துவிட்டு, 'உணவுக்கு ஆகாது' என்று எழுதி ஒட்டினார். அவசரத்திலும் கையெழுத்து முத்து முத்தாக. மேலே வந்து நாற்காலியில் விழுந்த பிறகுதான் பேச்சு வந்தது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. உன் தங்கச்சிய நாம்கூங் ஆயுசுக்கும் நினைப்பான்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன். வெட்கம்தான், வேறென்ன. என் பிறந்த வீட்டு ஜாடி.

ஏப்ரல் 21, சனி

சுங்ஜேக்கு அவரே போன் செய்தார். உட்கார்ந்து பேசவில்லை, எழுந்து நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னார். "நான் உனக்கு ஊத்தினது பியரே இல்ல. நீ எப்படிச் சொல்லுவே, நான்தான் சொல்ல விடலியே. தப்பு என்னுது. மன்னிச்சிரு" என்று சொல்லி, போனைக் காதில் வைத்தபடியே தலையைக் குனிந்தார். மகன் வயதுப் பையனிடம். என்னிடம் இந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் பேசியதும் எனக்குக் கேட்டது.

"அப்பா, வயித்து வலி பெரிசில்லைங்க. அன்னிக்கு ஒரு கிளாஸ்கூட வேணாம்னு என்னால சொல்ல முடியல. இப்பவே வாய் திறக்க முடியலன்னா இந்த வீட்டுல காலம் பூரா எப்படி இருக்கப்போறேன்னு பயந்துட்டேன். ஹேவொன்கிட்ட அவ அப்பாவைப் பத்தி என்னன்னு சொல்றது?"

ஆக, பியர்தான். பியரும் இல்லை.

ஏப்ரல் 22, ஞாயிறு

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

சுங்ஜே நேற்றே எல்லாவற்றையும் ஹேவொனிடம் சொல்லியிருக்கிறான். இனி விழுந்து விழுந்து சிரிப்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நிம்மதியாக போன் செய்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசம் அழுதிருக்கேம்மா. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். பியர் கசக்குதுன்னு சொல்ல முடியாதவன் நாளைக்கு வேலை போனா சொல்வானா? உடம்புக்கு ஏதாச்சும் வந்தா சொல்வானா? நான் கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

"அவன் பயந்துட்டான்டி..."

"எனக்கு வேணாம்மா. வரவேணாம்னு சொல்லிட்டேன். நீயும் தெரிஞ்சுகிட்டேதானே பஸ் ஏத்தி விட்டே?"

வைத்துவிட்டாள். முன்பு அவன் விலகினான், அவள் அழுதாள். இப்போது அவன் வரத் தயார், அவள் கதவைச் சாத்திவிட்டாள். காரணம் தெரிந்தால் போதும் என்று நினைத்தேனே. தெரிந்ததுதான் வினையாகிவிட்டது.

அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் மறைத்தேன்.

ஏப்ரல் 28, சனி

பழைய பிளாஸ்டிக் வாளியைத் தேடி எடுத்தார். பியர் போட்டார். சூடு கண்ட பூனை: ஹாப்ஸை இரண்டு விரலால் கிள்ளி, அதிலும் பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டார். கசப்பு என்ற பேச்சே இந்த வீட்டில் வேண்டாம்.

மே 6, ஞாயிறு

ஹேவொன் போன் எடுப்பதில்லை. 'நல்லா இருக்கேன்' என்று செய்தி மட்டும்.

மே 13, ஞாயிறு

"வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடறேன்" என்றார்.

"வருவாங்களா?"

"கூப்பிடாம எப்படித் தெரியும்?"

சுங்ஜேயிடம், "குடிக்க வேணாம், சாப்பிட வா" என்றார். அவன் வருகிறேன் என்றான். ஹேவொன் என்னைவிடப் பிடிவாதம். காய்ச்சல் என்று பொய் சொல்லி வரவழைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. செய்தி அனுப்பினேன்: 'சனிக்கிழமை சுங்ஜேயும் வருகிறான். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.'

படித்துவிட்டாள். பதில் இல்லை.

மே 19, சனி

வந்தாள். அவன் வந்து உட்கார்ந்த பிறகு, தனியாக. அவன் எழுந்து நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போய்க் கை கழுவிவிட்டு, வேறு நாற்காலி இல்லாததால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் கல்.

சாவாளை மீன் வறுத்திருந்தேன், முள்ளங்கிக் கறி, கீரை. யாரும் கரண்டியைத் தொடவில்லை. இவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து போய் புதுப் பியரைக் கொண்டுவந்து, "வேணும்னா மட்டும்" என்று சொல்லி அவனுக்கு ஊற்றினார். பளிங்கு மாதிரி இருந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைத் திருப்பி ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாயும் குடித்தான். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். ஹேவொன் மேஜையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் இவர்.

நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டால் எல்லோரும் சாப்பிட ஆரம்பிக்கலாம். சொல்லித் தொலையேன் என்றுதான் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்பா, தித்திக்குதுங்க. கசப்பே இல்ல. பார்லிக் கஞ்சியில சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு." எச்சில் விழுங்கினான். "எனக்கு இது போதும். வேணாங்க."

எங்கள் வீட்டு மேஜையில் இவர் ஊற்றிய கிளாஸை இதுவரை யாரும் வேண்டாம் என்று வைத்ததில்லை. இவர் வாய் திறந்தபடி நின்றது. நான் காதைப் பார்த்தேன், சிவக்கிறதா என்று.

மெதுவாக உட்கார்ந்தார். அவன் வைத்த கிளாஸை எடுத்து, மிச்சத்தை வாயில் ஊற்றி, கொப்பளிப்பதுபோல் உருட்டி விழுங்கினார்.

"ஹாப்ஸை ரொம்பக் குறைச்சிட்டேனோ?"

"ஆமாங்கப்பா."

"எவ்வளவு போடணுங்கறே?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது பத்தாது."

"ம்" என்றார் இவர். கோபம் இல்லை. வேலை கிடைத்த மனுஷனின் "ம்".

ஹேவொன் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நடுத்துண்டு ஒன்றை எடுத்து, சாப்பாட்டுக் குச்சிகளால் இரண்டு ஓரத்து முள்ளையும் நீக்கி, நடு முள்ளை உருவி, வெள்ளைச் சதையை அப்படியே தூக்கி அவன் சோற்றின்மேல் வைத்தாள்.

"ஆறிடும். சாப்பிடு" என்றாள், அவனைப் பார்க்காமலே.

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவள் அடுத்த துண்டை எடுத்து முள் நீக்கத் தொடங்கினாள்.